சாவி கொடுப்பதற்கு முன் ஒரு மூச்சு: இரண்டு மதுச் சோதனைக் கருவிகள் பற்றிய மதிப்பீடு

போலீஸ் பிடியில் சிக்காமல் இருக்க உதவும் என்ற தோரணையில் இணையக் கடைகளில் விற்கப்படும் கையடக்க மூச்சுச் சோதனைக் கருவிகளில் இரண்டை வாங்கி, கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் சிறிய டிராவல்ஸில் ஒரு சீசன் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரே கருவியே வெவ்வேறு பெயர் ஒட்டப்பட்டுப் பல கடைகளில் கிடைக்கிறது. வாங்குபவர் பார்க்க வேண்டியது பெட்டியின் மேலுள்ள பெயரை அல்ல, உள்ளே இருக்கும் உணரி (சென்சார்) எந்த வகை என்பதை. ஒன்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய குறைகடத்தி (செமிகண்டக்டர்) வகை. மற்றொன்று ஏழாயிரத்தை ஒட்டிய விலையில் வாங்கிய எரிமக் கல (ஃபியூயல் செல்) வகை.

எங்கள் தொழிலில் இதற்கான தேவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கே வேனில் ஏறிவிடுவார்கள். திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று போய்க் கடைசியில் திருநள்ளாற்றில் முடியும் ஓட்டம் அது. அவ்வளவு சீக்கிரம் வண்டி எடுக்கும் ஓட்டுநர் முந்தைய இரவில் என்ன செய்தார் என்பது முதலாளிக்குத் தெரிய வழியில்லை. போதாக்குறைக்குத் திருநள்ளாறு இருப்பது புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில். அங்கே சரக்கின் விலை நம் டாஸ்மாக்கைவிடக் குறைவு என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பயணிகள் நளன் தீர்த்தத்தில் குளித்துத் தரிசனம் முடித்து வரும்வரை ஓட்டுநருக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம்.

சட்டம் சொல்வது என்ன என்பதில் ஓட்டுநர்களிடையே மட்டுமல்ல, வண்டி வைத்திருப்பவர்களிடையேயும் குழப்பம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்த அபராதம் 2,000 ரூபாய் வரையாகத்தான் இருந்தது என்பதால், பழைய நினைப்பில் 'கட்டிட்டு வந்துடலாம்' என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். 202-ஆம் பிரிவு சீருடையில் உள்ள காவலருக்கு வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. முதலாளிகள் கவனிக்க வேண்டியது 188-ஆம் பிரிவு: குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணைபோனவருக்கும் அதே குற்றத்துக்குரிய தண்டனை உண்டு. ஓட்டுநரின் நிலை தெரிந்தே சாவியைக் கொடுத்தவர், நான் வண்டியில் இல்லையே என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன். விலை குறைந்த குறைகடத்திக் கருவியில் பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு பூசிய சிறு வில்லை ஒன்று சூடேற்றப்படுகிறது. ஆல்கஹால் ஆவி அதன்மேல் படும்போது அதன் மின்தடை குறைவதை வைத்துக் கருவி எண்ணைக் காட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த வில்லைக்கு ஆல்கஹால் மட்டும்தான் தெரியும் என்பதில்லை. சிகரெட் புகை, வாசனைத் திரவியம், சர்க்கரை நோயாளிகளின் மூச்சில் சில சமயம் அதிகமாக இருக்கும் அசிட்டோன் எல்லாமே அதை அசைத்துவிடும். குடிப்பழக்கமே இல்லாத எங்கள் அலுவலகப் பையன் கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு ஊதியபோது கருவி சிவப்பைக் காட்டிக் கத்தியது. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிய சற்று நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து ஊதினால் ஒரு எண்ணும், வெளியே வந்து ஊதினால் வேறு எண்ணும் வந்தன. மழைக்காலத்துக் காற்றில் ஈரம் ஏறியபோது காலையில் பூஜ்ஜியமே காட்டாத நாட்களும் உண்டு. குடிக்காத ஓட்டுநரைக் குடித்தவர் என்று காட்டும் கருவி, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் வைக்கத் தகுந்ததல்ல. நான் அதை ஓரங்கட்டிவிட்டேன்.

எரிமக் கல வகை வேறு விதமாக வேலை செய்கிறது. பிளாட்டின மின்முனையில் எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து அசிட்டிக் அமிலமாக மாறும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் சிறு மின்னோட்டமாகின்றன. எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவு மின்னோட்டம். காவல்துறையினர் சாலையில் பயன்படுத்தும் கருவிகளும் பொதுவாக இந்த வகைதான். அசிட்டோனுக்கும் புகைக்கும் இது ஏமாறுவதில்லை. சானிடைசரின் நெடி மட்டும் இதையும் பாதிக்கும், ஏனென்றால் அதில் இருப்பதே ஆல்கஹால். கையைத் துடைத்துவிட்டுத் திறந்த வெளியில் நின்று ஊதினால் போதும். ஒரே ஆள் சில நிமிட இடைவெளியில் மறுபடி ஊதும்போது எண்கள் ஒன்றுக்கொன்று அருகிலேயே நிற்கின்றன. அந்த நம்பகத்தன்மைக்காகவே விலை வித்தியாசத்தை நான் நியாயம் என்கிறேன்.

ஆனால் விலை உயர்ந்த கருவியிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை விற்பவர் எவரும் சொல்வதில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது அதன் எச்சரிக்கை ஒலி 0.05 சதவீதத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வரம்பு அதுதான், இங்கிலாந்தில் இன்னும் அதிகமாக 0.08. நம் நாட்டு வரம்பான 30 மில்லிகிராம் என்பது இந்தக் கருவியின் கணக்கில் 0.03. ஆகவே 0.04 உள்ள ஒருவர் ஊதினால் பச்சை விளக்கு எரியும். அதே ஆள் தஞ்சாவூர் புறவழிச் சாலையில் நின்று காவலரின் கருவியில் ஊதினால் வழக்கு. எரிமக் கலக் கருவியில் இந்த எல்லையை மாற்றும் வசதி உண்டு, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கிறது. குறைகடத்திக் கருவியில் மாற்றவே முடியவில்லை. இன்னொன்று, சில கருவிகள் இரத்தத்தின் அளவைக் காட்டாமல் ஒரு லிட்டர் மூச்சில் எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்தக் கணக்கில் நம் வரம்பு சுமார் 0.14. இந்த வேறுபாடு தெரியாமல் 0.14 என்பதை 0.03-ஓடு ஒப்பிட்டு அலறுபவர்களும் உண்டு, அதைவிட ஆபத்தாக, தலைகீழாகப் புரிந்துகொண்டு நிம்மதி அடைபவர்களும் உண்டு.

எந்தக் கருவியானாலும் அது இரத்தத்தை அளப்பதில்லை, மூச்சைத்தான் அளக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற அனுமானத்தின் மேல்தான் திரையில் தெரியும் எண் நிற்கிறது, அந்த விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். கடைசி மடக்குக் குடித்து, அல்லது ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்திப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் தங்கிய ஆவியே பெரிய எண்ணாக வந்துவிடும்.

இதற்கு நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு, அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். குடித்த ஆல்கஹால் முழுவதும் இரத்தத்தில் ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை பிடிக்கும்; வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். காரைக்காலின் எல்லையிலுள்ள வாஞ்சூரில் மதுக்கடை வாசலிலேயே, வாயைக் கொப்பளித்துச் சிறிது நேரம் காத்திருந்து ஊதி, 0.02 என்று பார்த்து மகிழ்ந்து நாகூர், நாகப்பட்டினம் தாண்டித் திருவாரூர் நோக்கி வண்டியை எடுக்கும் ஒருவரின் அளவு, அவர் வழியில் எதிர்ப்படும் சோதனைச் சாவடிக்கு வரும்போது 0.05-ஐத் தொட்டிருக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. அது ஊதிய நொடியின் நிலையைச் சொன்னது, வரப்போகும் அரை மணி நேரத்தைச் சொல்லவில்லை. 'குடித்துவிட்டு ஓட்டலாமா என்று பார்த்துக்கொள்ள' என்ற விளம்பர வாசகம் இந்த இடத்தில்தான் முற்றிலும் உடைகிறது. காரைக்காலிலிருந்து நண்டலாறு வழியாகத் தரங்கம்பாடிப் பக்கம் திரும்புபவருக்கும், அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் வருபவருக்கும் இதே கதைதான். மதுவிலக்குச் சோதனைக்காகப் பாட்டிலைத் தேடும் காவலர் முதலில் முகர்ந்து பார்ப்பது ஓட்டுநரின் மூச்சைத்தான்.

கருவியின் உண்மையான பயன் மறுநாள் காலையில் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி லிட்டர், 42.8 சதவீத அளவில் அதில் ஏறக்குறைய 61 கிராம் தூய ஆல்கஹால் உண்டு. ஸ்வீடன் நாட்டு அறிஞர் விட்மார்க் வகுத்த கணக்கின்படி எழுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது 100 மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராமை ஒட்டி ஏறும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில் கரைக்கிறது; சிலருக்கு 10 தான். இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் மூடும் நேரத்தில் குவார்ட்டரை முடித்தவர் ஐந்தரை மணிக்குச் சாவி வாங்க வரும்போது, நன்றாகக் கரைக்கும் உடலாக இருந்தால் 15-ஐ ஒட்டி இருப்பார். மெதுவாகக் கரைக்கும் உடலாக இருந்தால் 50-ஐத் தாண்டி இருப்பார், அதாவது வரம்புக்கு மேல். ஆஃப், அதாவது அரை பாட்டில், அடித்தவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் விடியும்போதும் வரம்பைப் போல் ஐந்து மடங்கை ஒட்டி இருப்பார், குளித்துத் திருநீறு பூசி வந்து நிற்பதால் வெளியே எதுவும் தெரியாது. கட்டிங் மட்டும்தான் போட்டேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 90 மில்லி லிட்டர் என்பது அதே எழுபது கிலோ ஆளுக்கு 60-க்கு மேல், வரம்பைப் போல் இரு மடங்கு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஓட்டுநர்களிடம் காட்டியபோது நம்பாதவர்கள், காலையில் தாங்களே ஊதி எண்ணைப் பார்த்தபோது நம்பினார்கள். என் வாங்குதலில் கிடைத்த மிகப் பெரிய லாபம் அதுதான்.

கரைவதை விரைவுபடுத்த எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கொழுந்து வெற்றிலை, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு, மோர், நீராகாரம், கடைசியாக ஒரு டிகிரி காபி. எரிமக் கலக் கருவியின் முன் இவற்றில் ஒன்றும் எடுபடவில்லை. வாய் நாற்றம் மறையும். நுரையீரலிலிருந்து வரும் ஆவி மறையாது. காபி தூக்கத்தைக் கலைத்து, தெளிந்துவிட்டோம் என்ற எண்ணத்தைத் தருவதால் தீமையே அதிகம். வயலில் தேங்கிய நீருக்கு ஒரே ஒரு மடை இருந்தால் அதன் அகலத்துக்குத்தான் நீர் வடியும்; கல்லீரலின் கதையும் அதேதான்.

ஓட்டுநர்களிடம் இதை நடைமுறைப்படுத்துவது கருவியைப் பயன்படுத்துவதைவிடக் கடினம். என் அப்பா காலத்திலிருந்து வண்டி ஓட்டும் மூத்தவர் ஒருவர் முதல் நாள் கருவியைப் பார்த்ததும், "ஏன் தம்பி, எம்மேல நம்பிக்கை போயிடுச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து முதலில் நான் ஊதி எண்ணை எல்லோருக்கும் காட்டிவிட்டு, "அண்ணே, ஊதிட்டுச் சாவிய எடுத்துக்குங்க" என்று நீட்டுகிறேன். ஆளுக்கொரு ஊதுகுழல், அவரவர் பெயர் எழுதிய உறையில். பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எந்த எண் வந்தாலும் அன்று வண்டி இல்லை, ஆனால் அதற்காகத் திட்டோ மிரட்டலோ கிடையாது. ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். 30 வரை சட்டம் அனுமதிக்கிறதே என்று வாதிட்டவர்களுக்கு நான் சொல்வது, கருவியின் பிழையையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரையும் அந்த 30-இல் யார் கணக்கிடுவது என்பதுதான். விடியற்காலையில் ஆக்டிங் டிரைவர் கிடைப்பது எளிதல்ல என்பது உண்மை. அதனால் முந்தைய மாலையே ஒருவரைச் சொல்லி வைத்துவிடுகிறோம். அவருடைய சம்பளமும் பேட்டாவும் சேர்ந்தாலும் அபராதத் தொகையின் ஒரு சிறு பங்குதான்.

கருவியால் பார்க்க முடியாத பகுதியும் உண்டு. கஞ்சா, தூக்க மாத்திரை, மயக்கம் தரும் இருமல் மருந்து ஆகிய எதையும் இது காட்டாது. 185-ஆம் பிரிவோ போதைப் பொருளின் பிடியில் வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதையும் அதே குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. சளிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் தூக்கம் வரும் என்பதை எங்கள் ஓட்டுநர்களில் பலர் பொருட்படுத்தியதே இல்லை. கண்ணைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசித்தான் அதை அறிய வேண்டியிருக்கிறது.

சொந்தக் கருவியில் பூஜ்ஜியம் வந்தது என்று சாலையில் வாதிட்டுப் பயனில்லை. வழக்குக்குக் கணக்கு காவலரின் கருவியில் வரும் அளவும் மருத்துவமனைச் சோதனையும்தான். காவலர் நியாயமான சந்தேகத்தின் பேரில் ஊதச் சொன்னால் மறுப்பதும் விவேகமல்ல. மறுத்தவரைக் கைது செய்ய 203-ஆம் பிரிவு இடம் தருகிறது, தகுந்த காரணமில்லாமல் மறுத்தது நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே நிற்கும். அதே சட்டம் ஓட்டுநருக்கும் ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது: கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும். இது உரிமை என்ற வகையில் ஓட்டுநர்கள் தெரிந்துவைத்திருக்கட்டும். நேரத்தை இழுத்தடிக்கும் உத்தியாக நினைத்தால் ஏமாறுவார்கள், ஏனென்றால் மூச்சுச் சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்கும். மேலும், குடித்து ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 10,000 ரூபாயைவிட அந்த மூன்று மாதம்தான் பெரிய இடி. விபத்தும் சேர்ந்துகொண்டால் நம் வண்டிச் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காது. போதையில் ஓட்டியது பாலிசியிலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மின்கலம் நீண்ட நாள் வருகிறது. கருவியை வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் விட்டுவைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் உணரி கெட்டுவிடும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அளவுத் திருத்தம் செய்ய வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கும்பகோணத்தில் அதைச் செய்ய ஆளில்லை, கூரியரில் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும், அதற்கான கட்டணத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பெற வேண்டியிருந்ததும் எனக்கு எரிச்சலூட்டின. திருத்தப்படாத கருவி நாளடைவில் குறைவாகக் காட்டத் தொடங்கினால் அதைக் கண்டுபிடிக்க வீட்டில் வழியே இல்லை.

குறைகடத்திக் கருவிக்கு ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும் பெட்டி அழகாக இருந்ததற்காக. எரிமக் கலக் கருவிக்கு ஐந்தில் மூன்றரை. எச்சரிக்கை எல்லையை நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்து விற்றிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். வேனோ பள்ளிப் பேருந்தோ லாரியோ வைத்து, காலையில் சாவி கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாங்கலாம். கல்யாண மண்டபத்தில் இரண்டு பெக் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா என்று பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்; அந்தப் பணத்துக்கு ஆக்டிங் டிரைவரைப் பல முகூர்த்தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்க முடிவு செய்தவர்கள் பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள்: உணரி எரிமக் கல வகையா, எச்சரிக்கை எல்லையை 0.03-க்கு மாற்ற முடியுமா, அளவுத் திருத்தம் எங்கே என்ன கட்டணத்தில் செய்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாத இரண்டு கடைகளை நான் அப்படித்தான் கழித்தேன்.